பூட்டைச் சரிசெய்யாமல் காவலாளியை மாற்றுவதா?

பருவம் முடிந்துவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு, பயிற்சியாளருக்கும் ஓய்வு. ரசிகருக்கு மட்டும் ஓய்வே இல்லை. ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில் கைதட்டுவதும் கத்துவதும்தான் அவர் வேலை. மைதானம் காலியான பிறகோ அவரே நிர்வாகி, அவரே பயிற்சியாளர், அவரே கணக்கப்பிள்ளை. யாரை எடுக்கலாம், யாரை விடலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்ற விவாதம் டீக்கடையில் தொடங்கி, கம்பெனி பஸ்ஸில் தொடர்ந்து, ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும் வேளையிலும் ஓய்வதில்லை.

பெங்களூரில் இந்த விவாதம் தமிழிலும் நடக்கிறது என்பதில் வியப்பில்லை. அல்சூர் வட்டாரத்துக் கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டுப் பீலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆஸ்டின் டவுனிலும் மர்பி டவுனிலும் கால்பந்து பேசாத தெரு கிடையாது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய நாளிலிருந்து வளர்ந்த பற்று அது. 2013-இல் பெங்களூரு எப்.சி. பிறந்தபோது அந்தப் பற்றில் பெரும் பங்கு இந்த நீலச்சட்டை அணிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு ஓய்வுக் காலத்திலும் இந்த அணியின் ரசிகர் சொல்லும் முதல் தீர்ப்பு ஒன்றுதான்: "பின்களம் சரியில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல ஸ்டாப்பரைக் கொண்டுவர வேண்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கோல் விழுகிறது என்றால் கோலைக் காப்பவர் சரியில்லை என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் எப்படிப்பட்ட கோல் விழுந்தது, எந்த நிமிடத்தில் விழுந்தது, யார் செய்த தவறால் விழுந்தது என்று கணக்கைப் புரட்டிப் பார்த்தால், தீர்ப்பை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நான்கு இறுதி ஆட்டங்களின் கணக்கு

2017–18 பருவம் முதல் 2024–25 பருவம் வரை பெங்களூரு அணி இந்தியன் சூப்பர் லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு நான்கு முறை சென்றது. ஒரு முறை வென்றது; மூன்று முறை தோற்றது. இந்த நான்கு ஆட்டங்களையும் வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, 2018 மார்ச் 17. சொந்த மைதானமான கண்டீரவா ஸ்டேடியம். எதிரி, சென்னையின் எப்.சி. அன்றைக்குப் பெங்களூர்த் தமிழனின் பாடு யாருக்கும் வரக்கூடாது! பிறந்த மண்ணின் அணி ஒரு பக்கம். பிழைக்க வந்த ஊரின் அணி மறு பக்கம். சுனில் சேத்ரி 9-ஆவது நிமிடத்திலேயே தலையால் முட்டிக் கோல் அடித்தார். கூட்டம் கொண்டாடி முடிக்கவில்லை, 17-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். சென்னையின் பிரேசில் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் எழும்பி முட்டினார், கோல். முதல் பாதி முடியும் தறுவாயில் இன்னொரு கார்னர். அதே மெயில்சன், அதே தலை, மறுபடியும் கோல். பிறகு ராபேல் அகஸ்டோ ஒன்று அடித்தார். கடைசி நேரத்தில் மிகு ஒன்றைத் திருப்பியும் பயனில்லை. 3–2 என்று கோப்பை சென்னைக்குப் போயிற்று.

இரண்டாவது, 2019 மார்ச் 17, மும்பை. எதிரி, அந்தப் பருவத்தில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்த கோவா அணி. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட்டை நெருங்கிய வேளையில், டிமாஸ் டெல்காடோ அடித்த கார்னரைப் பின்களக்காரர் ராகுல் பேக்கே தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். 1–0. கோப்பை பெங்களூருக்கு.

மூன்றாவது, 2023 மார்ச் 18, கோவாவின் பட்டோர்டா மைதானம். எதிரி, ஏ.டி.கே. மோகன் பகான். ஆட்டம் 2–2. ஷூட்-அவுட்டில் பெங்களூரு 3–4 என்று தோற்றது. மோகன் பகான் ஆட்ட நேரத்தில் அடித்த இரண்டு கோல்களும் பெட்ராடோஸ் அடித்த பெனால்டிகள்.

நான்காவது, 2025 ஏப்ரல் 12, கல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியம். மறுபடியும் மோகன் பகான். பெங்களூரு முன்னிலையில் இருந்தது. 72-ஆவது நிமிடத்தில் பெட்டிக்குள் பந்து கையில் பட, பெனால்டி. கம்மிங்ஸ் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் மெக்லாரன் ஒன்று அடித்தார். 2–1.

இனி கூட்டிப் பார்க்கலாம். நான்கு இறுதி ஆட்டங்களில், ஷூட்-அவுட் நீங்கலாக, பெங்களூரு அணி வாங்கிய கோல்கள் ஏழு. அவற்றில் கார்னரில் வந்தவை இரண்டு. பெனால்டியில் வந்தவை மூன்று. ஓடும் ஆட்டத்தில் எதிரி பின்களத்தை உடைத்து அடித்தவை இரண்டே இரண்டு. கோப்பையை வென்ற ஒரே ஆட்டத்தில் வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. அடித்த ஒரே கோலும் கார்னரில் வந்ததுதான்.

எதிரியின் கால் வேகத்தாலோ சாமர்த்தியத்தாலோ வந்த கோல்களைவிட, பந்தை நிறுத்தி வைத்து அடித்த கோல்களே இந்த அணியின் வாசலில் அதிகம் விழுந்திருக்கின்றன. கதவில் பூட்டு சரியில்லை. ரசிகரோ ஆண்டுதோறும் காவலாளியை மாற்றச் சொல்கிறார்!

முதல் வழி: வெளிநாட்டு ஸ்டாப்பர்

இதை வைத்துக்கொண்டு ஓய்வுக் காலத்தில் நிர்வாகத்தின் முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம். ரசிகருக்கு மிகவும் பிடித்த வழி வெளிநாட்டு ஸ்டாப்பர்தான். அந்த ஆசைக்குக் காரணமும் உண்டு. 2013–14-இல் அணி தோன்றிய முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. அப்போது பின்களத்தின் தூண்களாக நின்றவர்கள் இங்கிலாந்துக்காரர் ஜான் ஜான்சனும் கென்யாவின் கர்ட்டிஸ் ஒசானோவும். பின்னர் ஸ்பெயினிலிருந்து ஜுவானன் வந்தார். 2019 கோப்பையில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. இவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017–18 பருவத்தில் ஜான்சன், ஜுவானன் இருவருமே அணியில் இருந்தார்கள். உயரத்துக்கும் அனுபவத்துக்கும் அன்று குறைவே இல்லை. அப்படியிருந்தும் ஒரே ஆள் இரண்டு கார்னர்களில் இரண்டு கோல் முட்டிவிட்டுப் போனார். உயரமான ஆள் இருப்பது வேறு. கார்னர் வரும்போது அவர் எங்கே நிற்க வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும் என்று ஒழுங்கு இருப்பது வேறு.

இன்னொரு தடையும் உண்டு. 2021–22 பருவத்தில் விதி மாறியது. ஒரே நேரத்தில் களத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்தது நான்காகக் குறைந்தது. பின்களத்தில் ஒரு வெளிநாட்டவரை நிறுத்தினால் முன்களத்திலோ நடுக்களத்திலோ ஒருவர் குறைவார். சிறிய போர்வை போன்ற நிலை இது. தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும். காலுக்கு இழுத்தால் தலை குளிரும். வெளிநாட்டு ஸ்டாப்பர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் வந்துவிட்டாலே பின்களம் பூட்டப்பட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

இரண்டாவது வழி: உள்நாட்டு நட்சத்திரம்

"வெளிநாட்டவர் வேண்டாம் என்றால், இந்திய அணிக்கு ஆடும் பெரிய ஆளைக் கொண்டு வா" என்பது அடுத்த குரல். அதையும் இந்த அணி செய்து பார்த்தது. 2022-இல் சந்தேஷ் ஜிங்கன் வந்தார். அந்த ஆண்டு டியூரண்ட் கோப்பை கிடைத்தது. அடுத்த மார்ச்சில் லீக் இறுதி ஆட்டமும் கிடைத்தது. வரவு நல்ல வரவுதான். ஆனால் 2023-இல் அவர் கோவாவுக்குப் போய்விட்டார். 2023–24 பருவத்தில் பெங்களூரு 12 அணிகளில் 10-ஆவது இடத்தில் வந்து நின்றது. அந்தச் சரிவுக்கு ஒருவருடைய பிரிவு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் ஓராண்டுக்கு வந்து போகும் ஆளை நம்பிக் கட்டிய சுவர் எவ்வளவு நாள் நிற்கும் என்ற கேள்வியை அது எழுப்பாமல் இல்லை.

வரவைப் பற்றிப் பேசும் ரசிகர் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. ஜுவானன் பெங்களூரை விட்டு ஐதராபாத்துக்குப் போனார். 2022-இல் ஐதராபாத் கோப்பை வென்றது. ராகுல் பேக்கே 2021-இல் மும்பைக்குப் போனார்; 2024 மே மாதம் மும்பை அணிக்குத் தலைவராக நின்று கோப்பையை உயர்த்தினார். ஜிங்கன் சேர்ந்த கோவா அணி 2025-இல் சூப்பர் கோப்பையைப் பெற்றது. ஓய்வுக் காலத்தில் வாசலைத் தாண்டி வெளியே போன காவலாளிகள் அடுத்த வீட்டில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேக்கே 2024-இல் பெங்களூருக்குத் திரும்பி வந்தார் என்பது ஆறுதல். ஆனால் இருந்த ஆளை விட்டுவிட்டு மூன்றாண்டு கழித்து மறுபடியும் அழைத்துவருவது எந்தக் கணக்கில் சேரும்?

பின்களம் என்பது நாலு தனி ஆட்கள் அல்ல. ஒருவர் முன்னே போனால் மற்றவர் பின்னே நிற்க வேண்டும். ஒருவர் பக்கவாட்டில் இழுபட்டால் மற்றவர் நடுவை மூட வேண்டும். கோல்கீப்பர் கூப்பிடும் குரல் கேட்டவுடன் விலக வேண்டும். இது ஒரு மாதத்தில் வருவதல்ல. நெசவுத் தறியில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பழகுவதுபோல, ஆண்டுக்கணக்கில் வருவது. ஆண்டுதோறும் ஆளை மாற்றினால், ஆண்டுதோறும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே ஓய்வுக் காலத்தில் ஒரு நிர்வாகம் முதலில் கேட்க வேண்டியது, "யாரை வாங்கலாம்?" என்பதல்ல, "யாரை விடாமல் வைத்துக்கொள்ளலாம்?" என்பதே.

மூன்றாவது வழி: எல்லோரும் பின்னால் நிற்பது

"கோல் வாங்காமல் இருந்தால் போதும், பாதிப் பேர் பின்னால் நிற்கட்டும்" என்பவர்களும் உண்டு. அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2019–20 பருவத்தில் பெங்களூரு அணி 18 லீக் ஆட்டங்களில் வாங்கியவை 13 கோல்கள் மட்டுமே. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சாந்து அதற்கு முந்தைய பருவத்தைப் போலவே அந்தப் பருவத்திலும் தங்கக் கையுறைப் பரிசு பெற்றார். இப்படி ஒரு பின்களம் கிடைத்தால் எந்த ரசிகர்தான் வேண்டாம் என்பார்?

ஆனால் அதே 18 ஆட்டங்களில் அணி அடித்த கோல்கள் 22 தான். அரை இறுதியில் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியைப் பெங்களூரில் 1–0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்துக்காகக் கல்கத்தா சென்று அங்கேயும் முதல் கோலை அடித்தது. பிறகு மூன்று கோல்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. பருவம் முழுவதும் 13 வாங்கிய அணி, ஒரே இரவில் மூன்று! அந்த மூன்றிலும் ஒன்று பெனால்டி என்பதை மறந்துவிடக் கூடாது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. முன்களம் கோல் அடித்து எதிரியை அவனுடைய பாதியிலேயே கட்டிப்போட்டால்தான் பின்களத்துக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எப்போதும் ஒரு கோல் வித்தியாசத்தில் ஆடும் அணிக்கு ஒரு சிறு தவறும் பெருந்தவறாகிவிடும். எல்லோரையும் பின்னுக்கு இழுப்பது தற்காப்பைப் பலப்படுத்துவது ஆகாது. பந்தைத் தன் பெட்டிக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு ஆபத்தை அழைப்பதாகும். பெட்டிக்குள் கூட்டம் கூடக் கூட, கையில் பந்து படுவதும் காலைத் தட்டிவிடுவதும் கூடும்.

பெனால்டிகள் எல்லாவற்றையும் பின்களக்காரர் தலையில் கட்டுவதும் சரியல்ல. 2023 இறுதி ஆட்டத்தின் முதல் பெனால்டி, பெட்டிக்குள் தற்காப்புக்கு வந்து நின்ற முன்கள வீரர் ராய் கிருஷ்ணாவின் கையில் பந்து பட்டதால் வந்தது. புதிதாக எத்தனை ஸ்டாப்பர்களை வாங்கினாலும் அந்தக் கோலைத் தடுத்திருக்க முடியுமா? தற்காப்பு பதினொரு பேரின் வேலை. முன்களக்காரரும் அதைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நான்காவது வழி: வீட்டிலேயே வளர்ப்பது

அணியின் இளைஞர் பிரிவிலிருந்து ஆளை எடுப்பது அடுத்த வழி. இது ரசிகருக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. பேர் தெரியாத பையன் என்பார்கள். ஆனால் இந்த அணியின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. மணிப்பூரைச் சேர்ந்த நவ்ரெம் ரோஷன் சிங் பெங்களூரு அணியின் இளைஞர் பிரிவில் வளர்ந்தவர். அடிப்படையில் பக்கவாட்டில் ஓடிப் பந்தைத் தூக்கிப்போடும் விங்கர். பயிற்சியாளர் மார்கோ பெசாயுலி அவரைப் புல்பேக்காக நிறுத்தினார். 2021–22-இல் லீக்கின் வளரும் வீரர் பரிசு அவருக்கே கிடைத்தது. வெளியிலிருந்து ஆள் வாங்கவில்லை. வீட்டில் இருந்த ஆளுக்கு வேலையை மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே, 2022–23-இல், அதே பரிசு இன்னொரு பெங்களூரு இளைஞருக்குக் கிடைத்தது. அவர் தமிழ்நாட்டுச் சிவசக்தி நாராயணன். இவர் முன்களக்காரர். தமிழ்ப் பையன் ஒருவன் பெங்களூரில் பேர் எடுத்தபோது இங்குள்ள தமிழர்கள் பெருமை கொண்டதில் தவறில்லை. ஆனால் அதோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும். இளைஞர் பிரிவில் முன்களக்காரரும் விங்கரும் கிடைக்கும்போது, நடு ஸ்டாப்பர் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

விடை தெருவிலேயே இருக்கிறது. எந்தத் தெருவில் வேண்டுமானாலும் பையன்கள் ஆடுவதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் முன்னால் ஆட ஆசை. கோல் அடிக்க ஆசை. பேக் ஆடு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குகிறார்கள். கோலைத் தடுத்தவனை யார் தூக்குகிறார்கள்? கௌதமபுரத்தில் சிலை பீலேக்குத்தான்.  பத்து வயதுப் பையனின் மனத்தில் விதைக்கும் இந்த ஆசைதான் பதினைந்து ஆண்டு கழித்து அணியின் பின்களத்தில் ஓட்டையாக வந்து நிற்கிறது.

இந்த ஊருக்கு ஆட்டக்காரர்களைத் தரும் தகுதி இல்லையா? மைசூர் மாநிலமாக இருந்த காலத்தில் சந்தோஷ் டிராபியை நான்கு முறை வென்ற மண் இது. கடைசியாக 1968–69-இல் வென்ற பிறகு நெடுங்காலம் வறட்சி. 2023 மார்ச்சில் சௌதி அரேபியாவின் ரியாத்தில் மேகாலயாவை 3–2 என்று வென்று, 54 ஆண்டு கழித்துக் கர்நாடகம் அந்தக் கோப்பையை மீண்டும் கொண்டுவந்தது. இங்கே பையன்களும் இருக்கிறார்கள்; அசோக் நகரில் பெங்களூர் கால்பந்து ஸ்டேடியமும் இருக்கிறது; சூப்பர் டிவிஷன் ஆட்டங்களும் இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்து, கோல் அடிப்பவனை விட்டுவிட்டுக் கோலைத் தடுப்பவனைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் கண்கள்தான் தேவை. ரசிகரும் தன் தெருவில் அப்படி ஒரு பையனைக் கண்டால் ஒரு கைதட்டு அதிகமாகத் தட்டலாம்.

செலவு குறைந்த வழி: நின்ற பந்துக்குப் பயிற்சி

மேலே சொன்ன நான்கு வழிகளுக்கும் பணமோ காலமோ வேண்டும். ஆனால் ஏழு கோல்களில் ஐந்தைத் தந்த ஓட்டையை அடைக்கும் வழிக்குச் செலவு மிகக் குறைவு. அது பயிற்சி.

கார்னர் வரும்போது தற்காக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஆளுக்கு ஆள் காவல். எதிரியின் ஒவ்வொருவரையும் ஒருவர் பிடித்துக்கொள்வது. மற்றொன்று, இடத்துக்குக் காவல். கோலின் முன்னால் உள்ள இடங்களைப் பங்கு போட்டுக்கொண்டு, தன் இடத்துக்கு வரும் பந்தைத் தானே அடித்து அகற்றுவது. இரண்டிலும் குறை உண்டு. ஆளைப் பிடித்தால், எதிரிகள் ஒருவரையொருவர் மறைத்துக் காவலைக் கத்தரித்துவிடுவார்கள். இடத்தைப் பிடித்தால், நின்ற இடத்திலிருந்து எழும்புபவரைவிட, தூரத்திலிருந்து ஓடிவந்து எழும்புபவர் அதிக உயரம் போவார். ஆகவே பல அணிகள் இரண்டையும் கலந்து செய்கின்றன: கோலின் அருகே இடக் காவல், எதிரியின் பெரிய தலைகள் இரண்டு மூன்றுக்கு ஆள் காவல். ஓடிவருபவரின் ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே குறுக்கே நின்று தடுக்க ஒருவர். அகற்றிய பந்து போய் விழும் இடத்தில், மறுபடி உள்ளே வராமல் பார்க்க ஒருவர்.

இதில் எதுவும் ரகசியமல்ல. ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் இடம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். முதல் கார்னரில் மெயில்சன் முட்டிவிட்டார் என்றால், அடுத்த கார்னருக்குள் அவரைப் பிடிக்கும் ஆளை மாற்ற வேண்டும் என்று யாராவது ஒருவர் களத்திலேயே கூவ வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வுக் காலத்தில், பருவத்துக்கு முந்தைய பயிற்சியில், தினம் அரை மணி நேரம் சலிக்காமல் செய்தால்தான் வரும். பெட்டிக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதும், பின்னாலிருந்து காலை நீட்டாமல் எதிரியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அதே விதமான பழக்கங்கள்தான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது கால்பந்துக்கும் பொருந்தும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2023-இல் இரண்டாவது பெனால்டி வந்தது 85-ஆவது நிமிடத்தில். 2025-இல் பெனால்டி 72-ஆவது நிமிடத்தில். வெற்றி கோல் கூடுதல் நேரத்தில். கால் தளரும் வேளையில்தான் கை நீளுகிறது. ஆகவே மாற்று ஆட்டக்காரர் வரிசையில் நம்பத்தக்க ஒரு பின்களக்காரரும், பின்களத்துக்கு முன்னால் நின்று பந்தை மறிக்கும் ஒரு நடுக்களக்காரரும் இருப்பது, பேர் பெற்ற ஒரு ஆளை வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். ஓடும் ஆட்டத்தில் விழுந்த அந்த இரண்டு கோல்களுக்கும் மருந்து அங்கேதான் இருக்கிறது.

பணத்தை எண்ணிச் செலவிடும் காலம்

இன்னும் ஒன்று. இந்தியக் கால்பந்தில் பணம் தண்ணீராய் ஓடிய காலம் மாறிவருகிறது. 2025 ஜூலையில், அப்போது சூப்பர் லீக்கை நடத்திவந்த நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அணிகளுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு நிர்வாகம் முதல் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. மாதம் முதல் தேதி சம்பளம் வராவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பது குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தை உதைப்பவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு, வாடகை உண்டு. இருப்பவர்களுக்கே சம்பளம் நின்ற ஒரு காலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு பெரிய ஆளை வாங்கு" என்று கூவுவது பொறுப்பான ரசிகருக்கு அழகல்ல.

குடும்பக் கணக்கு எழுதும் எவரும் அறிவார்: முதலில் ஒழுகும் கூரையை அடைக்க வேண்டும், பிறகு இருக்கும் சாமானைப் பத்திரப்படுத்த வேண்டும், பிறகு பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்து வைக்க வேண்டும், மீதியிருந்தால்தான் புதுச் சாமான். அணிக்கும் அதே வரிசைதான். முதலில் நின்ற பந்துக்கான பயிற்சியும் பெட்டிக்குள் ஒழுக்கமும். அடுத்து, இருக்கும் நல்ல பின்களக்காரர்களைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தாற்போல வைத்துக்கொள்வது. அடுத்து, இளைஞர் பிரிவிலிருந்தும் ஊர் ஆட்டங்களிலிருந்தும் ஸ்டாப்பர்களை உருவாக்குவது. இவ்வளவும் செய்த பிறகும் பணம் இருந்தால், இடமும் இருந்தால், வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரட்டும். மாலை போட்டு வரவேற்கலாம்.

ரசிகரின் குரலுக்கு மதிப்பில்லை என்று எண்ண வேண்டாம். ஓவர்டைமை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்டீரவாவுக்கு வருகிறவர் அவர். காலரி எதைக் கேட்கிறதோ அதையே நிர்வாகமும் செய்யப் பார்க்கும். காலரி புதுப் பேரைக் கேட்டால் புதுப் பேர் வரும். விளம்பரப் பலகையில் படமும் வரும். காலரி கார்னரில் ஒழுங்கைக் கேட்டால், பெட்டிக்குள் நிதானத்தைக் கேட்டால், நம் ஊர்ப் பையனுக்கு ஒரு வாய்ப்பைக் கேட்டால், அதுவும் வரும்.

அடுத்த ஓய்வுக் காலத்தில் டீக்கடையில் விவாதம் தொடங்கும்போது, "யாரை வாங்கலாம்?" என்பதற்கு முன்னால், "கார்னரில் யார் எங்கே நிற்கிறார்கள்?" என்று ஒருவராவது கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பெங்களூரு நிர்வாகம் சரியான விடை வைத்திருந்தால், அடுத்த இறுதி ஆட்டத்தின் முடிவு வேறு மாதிரி எழுதப்படும்.